சூஷிக் கடைக்கு அம்மா வந்த நாள்

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு பொய்யை வளர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது இந்தக் கதையோடு நடந்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

புக்கிட் ரோத்தான் தாமான் என்கிற குடியிருப்பில் கடைசி வரிசையில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரி குமுதாவுக்கு நாற்பத்தேழு வயது. கணவர் கார்த்திகேசு எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு காலையில், பசியாறிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அதன்பிறகு குமுதா சுங்கை புரோங் அரிசி ஆலையில் பை கட்டும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். மூத்தவள் நித்தியாவுக்கு இருபத்தைந்து. இளையவன் அகிலன் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான்.

மகளின் பொய் நான்கு மாதத்துப் பொய். கோலசிலாங்கூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்ப்பதாகத் தினமும் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த வேலையை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். இப்போது ஜாபர் என்பவரின் சூஷிக் கடையில், ஜப்பானிய உணவுக்குச் சோறு உருட்டுகிறாள்.

அம்மாவின் பொய்க்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. "சனிக்கிழமை மத்தியானம் ஓ.டி. இருக்கு, பாப்பா. வர லேட்டாகும்" என்று போன திங்கட்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வீட்டில் நித்தியாவுக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

பன்னிரண்டரைக்கு ஆலைச் சங்கு ஊதியது. தோழிகள் எல்லாரும் கிளம்பும்வரை குமுதா கழிப்பறையிலேயே இருந்தாள். தவிடு படிந்த சட்டையைக் கழற்றிப் பையில் திணித்தாள். மயில்நீலச் சுடிதாரை உதறிப் போட்டுக்கொண்டாள். கண்ணாடி கிடையாது. கைப்பேசியைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். பொட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. சரிசெய்தாள். பிறகு அதுவே நன்றாக இருந்ததோ என்று தோன்றி, பழையபடியே நகர்த்தி வைத்தாள்.

வெளியே, மற்றவர்களை வீடுகளில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்த வேன் தனியாக நின்றது.

நான்கு வருடங்களாக அவளை ஏற்றி இறக்குகிற வேன் அது. பன்னிரண்டு பெண்களின் பேச்சும் பவுடர் வாசமுமாக இருக்கும். இன்று அதில் அதை ஓட்டுகிற இராமையா மட்டும் இருந்தார். ஐம்பத்து மூன்று வயது. மனைவி இறந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையின் மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது.

"ஏறுங்க" என்றார். கதவைத் திறந்துவிட்டார்.

அறுவடை முடிகிற காலம். வாய்க்காலை ஒட்டிய பாதையில் வேன் மெதுவாகப் போனது. இருபக்கமும் வயல்கள், சில மஞ்சளாக, சில வெட்டி முடித்துச் சேறாக. அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. வெயிலும் மேகமும் கலந்த அந்த வெளிச்சத்தில் எல்லாமே சற்றுத் தள்ளி, வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தது குமுதாவுக்கு. கண்ணை மூடித் திறந்தால் பன்னிரண்டு பெண்களும் மறுபடி உட்கார்ந்திருப்பார்களோ என்று ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தாள்.

"எங்க போறோம்?"

"கோலசிலாங்கூர்ல புதுசா ஒரு கடை. ஜப்பான் சாப்பாடு. ஜாபர்னு நம்ம தமிழ் முஸ்லிம் ஆளுதான் வச்சிருக்காரு. பாப்பா ஆபீஸ் பக்கம் இல்ல. நம்ம பக்கத்து ஆளுங்க யாரும் அங்க வர மாட்டாங்க லா. பயப்படாதீங்க."

"நான் எதுக்குப் பயப்படறேன்?"

"நான் பயப்படறேன்" என்றார் இராமையா.

குமுதா சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

ஜாபர் கடைக்கு வெளியே இரண்டு காகித விளக்குகள் தொங்கும். அவருடைய அத்தா அதே இடத்தில் முப்பது வருடம் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போட்டவர். ஜாபர் கோலாலம்பூரில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் பதினொரு வருடம் நின்றுவிட்டு, அந்தத் தொழிலோடு ஊர் திரும்பினார். கிள்ளானில் மூடிப்போன ஒரு கடையிலிருந்து பழைய பெல்ட் ஒன்றை வாங்கி வந்து பொருத்தினார். சாப்பிடுகிறவர்கள் முன்னால் அது வளைந்து வளைந்து ஓடும். அதன்மேல் சின்னச் சின்னத் தட்டுகள் ஊர்வலம் போகும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நித்தியா அப்போதுதான் வெந்த சோற்றை மரத்தொட்டியில் கொட்டி, வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைத் தெளித்து, விசிறிக்கொண்டிருந்தாள். இந்த வேலையில் அவளுக்கு ஒரு மயக்கம் உண்டு. ஆவி அடங்க அடங்க ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியே மினுங்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் யாராவது பேசினால்கூட அவளுக்குக் கேட்காது.

அதனால் கதவு மணி அடித்தது கேட்கவில்லை. "நித்தி, ஆளு வந்திருக்கு, பாரு" என்று ஜாபர் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள்.

மயில்நீலச் சுடிதார். கோணல் பொட்டு. பக்கத்தில் ஓர் ஆண்.

குமுதாவும் பார்த்தாள். தலையில் நீலத்துணி கட்டி, கருப்பு ஏப்ரனோடு, கையில் மரக்கரண்டியோடு நிற்கிற பெண்ணை. காலையில் வெளிர் ரோஜா நிற பாஜு கூரோங் உடையில், தோளில் கைப்பையோடு, "ஆபீஸ் போறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணை.

இருவரில் யாராவது ஒருவர் "நீ எங்க இங்க?" என்று கேட்டிருந்தால் அந்த நாள் அங்கேயே உடைந்திருக்கும். இரண்டு பேருமே கேட்கவில்லை. இருவருமே பிடிபட்டவர்கள்.

நித்தியாதான் முந்திக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே அப்புறமும் விளங்கவில்லை.

"வாங்க ஆண்ட்டி. எத்தனை பேரு?"

குமுதா ஒரு நொடி தடுமாறினாள். பிறகு, மகளின் கண்ணைப் பார்த்தபடியே, "ரெண்டு பேரு" என்றாள்.

அந்த இரண்டு சொற்களை அவள் சொல்லி ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

பெல்ட்டின் வளைவில், சன்னலோரம் இடம் காட்டினாள் நித்தியா. இராமையா எதையும் கவனிக்கவில்லை. அவர் நித்தியாவைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிற ஒரு பாப்பா.

அவர்கள் உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே தெரு கரைந்து போயிற்று. எதிர்க்கடையின் பெயர்ப்பலகை, சாலையோரம் நிறுத்தியிருந்த மோட்டர் சைக்கிள்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒழுகின. உள்ளே மஞ்சள் வெளிச்சம். பெல்ட்டின் மெல்லிய முனகல். தட்டுகள் வந்தன, போயின. ஒரு பச்சைத் தட்டு, ஒரு வெள்ளைத் தட்டு, மறுபடி ஒரு பச்சை. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மேலே படகுகள் போவதைப் பார்ப்பதுபோல இருந்தது குமுதாவுக்கு. அந்தத் தண்ணீருக்குள் கொஞ்ச தூரத்தில் அவள் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட முடியாது. அவள் கையை மட்டும் பார்க்கலாம்.

பார்த்தாள்.

நித்தியா கையை நனைத்துக்கொண்டாள். ஒரு பிடி சோற்றை எடுத்தாள். இரண்டே அழுத்தம். அதன்மேல் ஆரஞ்சு நிற மீன் துண்டு, ஒரு திருப்பு, இன்னும் ஓர் அழுத்தம். வேலை முடிந்தது. அடுத்ததற்குக் கத்தியை ஈரத்துணியில் துடைத்தாள். கடற்பாசித் தாளில் சுருட்டிய சோற்றை எட்டாக வெட்டினாள். எட்டும் ஒரே அளவு. அவசரமும் இல்லை, சோம்பலும் இல்லை. இந்தப் பெண் வீட்டில் வெங்காயம் நறுக்கச் சொன்னால் பத்து முறை பெருமூச்சு விடுகிறவள்.

'எப்ப கத்துக்கிட்டா?' என்று குமுதா நினைத்தாள். கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. தாமானில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! 'எம் மக ஏர்கோன்ல உக்காந்து வேல பாக்குறா.' அந்த ஏர்கோன் குளிரில் உட்கார்ந்த பெண்ணின் முகத்தில் இப்படி ஓர் அமைதியை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? பச்சை மீனுன்னு பயமா?" என்றார் இராமையா.

"இல்ல. அந்தப் பொண்ணு வேல செய்யற அழகப் பாத்தேன்."

இராமையா பெல்ட்டிலிருந்து ஒரு தட்டை இறக்கி, சாப்ஸ்டிக் குச்சிகளை எடுத்தார். விரலிடுக்கில் பொருத்தி, ஒரு துண்டைத் தூக்கி, வாய்வரை கொண்டுபோய்விட்டார். குமுதாவின் புருவம் உயர்ந்தது.

"ஒரு வாரமா வீட்டுல சாத்தே கறி குத்தற குச்சி வச்சுப் பழகினேன்" என்று ஒப்புக்கொண்டார். "வேர்க்கடலை எடுப்பேன், கீழ விழும். எடுப்பேன், விழும். எங்க வீட்டுக் கோழிக்குத்தான் கொண்டாட்டம்."

குமுதா வாய்விட்டுச் சிரித்தாள்.

கத்தியோடு நின்ற நித்தியாவுக்கு அந்தச் சிரிப்பு முதுகில் தட்டியது போல இருந்தது. அம்மா சிரிப்பாள்தான். தொலைக்காட்சி பார்த்துச் சிரிப்பாள். அகிலன் கிண்டல் பண்ணினால் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்புகளில் எப்போதும் ஒரு கை வேலை செய்துகொண்டே இருக்கும். துணி மடித்துக்கொண்டிருக்கும், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும். கை சும்மா இருக்க அம்மா சிரித்து இப்போதுதான் பார்க்கிறாள்.

பிறகு கோபம் வந்தது. அப்பாவின் படத்துக்கு இன்று காலையில்கூடப் பூ வைத்துவிட்டுத்தானே கிளம்பினாள்? ஓ.டி. என்று சொன்னாளே! அடுத்த உருளையை வெட்டும்போது கத்தி சறுக்கியது. எட்டில் இரண்டு துண்டுகள் கோணலாகப் போயின.

"என்ன புள்ள, வெட்டு கோணலாப் போகுது?" ஜாபர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல பாய்."

"அந்தச் சன்னல் மேசைக்காரங்க தெரிஞ்சவங்களா?"

"தெரியாது" என்றாள் நித்தியா. சொன்ன பிறகு, அது முழுப்பொய் இல்லையென்று தோன்றியது.

அம்மாவுக்கு வயிற்றில் புண் உண்டு, காரம் ஆகாது. நித்தியா சூஷியில் தடவுகிற பச்சை நிறக் காரவிழுது எதையும் தொடாமல், தடிமனாக முட்டை வைத்து இரண்டு சூஷி செய்து, சூடான சூப்போடு கொண்டுபோய் வைத்தாள்.

"இது காரம் இல்லாதது. ஆண்ட்டி இதச் சாப்பிடலாம்."

இராமையா வியந்தார். "எப்படிம்மா கண்டுபிடிச்ச? அவங்களுக்குக் கேஸ்ட்ரிக்."

"மொகத்தப் பாத்தா தெரியும்."

குமுதா ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். இனிப்பா புளிப்பா என்று தெரியாத சோறு. ஆலையில் தினமும் ஆயிரக்கணக்கான பை அரிசி அவள் கையைத் தாண்டிப் போகிறது. இந்த அரிசி அந்த இனமே இல்லை; குட்டையாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருந்தது. மென்றுகொண்டே, "சோறு நல்லாருக்கு. நீயா ஆக்கின?" என்றாள்.

"ஆமா... ஆண்ட்டி."

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசம்."

"ம்" என்றாள் குமுதா. சூப் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு முகம் கழுவ வேண்டும் என்று எழுந்து பின்பக்கம் போனாள். அவளுக்கு அழ வேண்டும்போல இருந்ததா, அல்லது சும்மா தனியாக நிற்க வேண்டும்போல இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் தலை மறைந்ததும் இராமையா எழுந்து நித்தியா நின்ற இடத்துக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரு ஒதவி. அவங்களுக்குக் கொஞ்சம் நல்லதா, உன் கையால எதாச்சும் செஞ்சு குடு. அவங்க வெளிய எங்கயும் உக்காந்து சாப்பிட்டதில்ல. வேல விட்டா வீடு, வீடு விட்டா வேல. எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியா சாப்பிடற ஆளு. ஒரு நாளாவது அவங்களுக்கு யாராச்சும் கொண்டாந்து வைக்கணும்னு நெனைச்சேன்."

நித்தியா கத்தியைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கத்திதான்.

"அவங்க உங்க வீட்டுக்காரங்களா?"

"இல்லம்மா. இன்னும் கேக்கவே இல்ல." அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நாலு வருஷமா என் வேன்ல வர்றாங்க. கண்ணாடியிலதான் பாத்திருக்கேன். எதுத்தாப்புல உக்காந்து பாக்கறது இன்னைக்குத்தான்."

"பிள்ளைங்க இருப்பாங்களே?"

"ரெண்டு. மகனுக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்வாங்க. மக லாயர் ஆபீஸ்ல வேல. பாப்பா பாப்பான்னு அந்தப் பேச்சில்லாம ஒரு நாளும் போகாது. அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா நான் மேல ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"ஏன்? அவங்களுக்குத் தொணை வேணும்னுதானே கேக்கப் போறீங்க?"

இராமையா தலையை ஆட்டினார். "அவங்களுக்கு ஒரு தொணையும் வேணாம்மா. தனியா நின்னு எல்லாத்தயும் செஞ்சு முடிச்சவங்க. எனக்குத்தான் வேணும்."

நித்தியா கத்தியைக் கீழே வைத்தாள். இவர் ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால், கொஞ்சம் வழிசலாகவாவது பேசியிருந்தால், எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

"போய் உக்காருங்க. கொண்டாரேன்" என்றாள்.

குளிர்பெட்டியிலிருந்து சால்மன் துண்டை எடுத்தாள். ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் வெட்டினாள். நான்கு மாதத்தில் கற்ற அத்தனையையும் அந்த ஒரு தட்டுக்காகக் கையில் கூப்பிட்டாள். அவள் நெஞ்சில் இருந்த குழப்பம் விரலுக்கு மட்டும் இறங்கவில்லை. ஜாபர் ஒரு பக்கமாக நின்று பார்த்தார்.

தட்டோடு அவள் போனபோது குமுதா திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். இராமையா பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஆரம்பித்துவிட்டார் என்பது தட்டோடு பாதி வழியில் நின்றபோதுதான் நித்தியாவுக்குப் புரிந்தது. திரும்பிப் போகவும் முடியாது.

"...ஒண்ணாந் தேதியிலேர்ந்து மில்லு வேன் வேற ஆளுக்குப் போகுது. எனக்குச் செரண்டா பக்கம் பெக்டரி பஸ் கெடைச்சிருக்கு. அங்க போயிட்டா உங்களப் பாக்க முடியாது. அதனால இன்னைக்கே கேட்டுடறேன். நீங்க என்னைய அண்ணேன்னு கூப்பிடறத நிறுத்தி மூணு மாசமாச்சு. நான் கவனிச்சேன். வேற எதுன்னும் நீங்க கூப்பிடல. அந்த எடத்துல என்ன வைக்கறதுன்னு... நாம கல்யாணம் பண்ணிக்கலாமா, குமுதா?"

மழை சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. குமுதா அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால், தட்டோடு நிற்கிற மகளைப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னால ஒண்ணு" என்றாள். "இந்தப் பொண்ணோட பேரக் கேளுங்க."

இராமையா குழம்பித் திரும்பினார். "பேரா? உன் பேரு என்னம்மா?"

நித்தியா அம்மாவைப் பார்த்தாள்.

"நித்தியா" என்றாள் குமுதா. "வீட்டுல பாப்பா. எம் மக."

இராமையா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது. கையிலிருந்த சாப்ஸ்டிக் ஒன்று தரையில் உருண்டது. அந்த முகத்தில் ஓடிய வெட்கத்தைப் பார்த்து நித்தியாவுக்கே பாவமாக இருந்தது. சற்றுமுன் அவளிடம் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக அவர் நினைத்துப் பார்ப்பது தெரிந்தது.

"பாப்பா... நான்... எனக்குத் தெரியாதும்மா..."

"உக்காருங்க" என்றாள் நித்தியா.

அவர் உட்காரவில்லை. போய்விடுவாரோ என்று குமுதாவின் கை தானாக மேசைமேல் நீண்டது. யாரையும் தொடாமல் பாதியிலேயே நின்றது. அந்தப் பாதியில் நின்ற கையை நித்தியா பார்த்தாள்.

"உக்காருங்க மாமா" என்றாள். அந்தச் சொல் அவளை முந்திக்கொண்டு வந்துவிட்டது. "இத வச்சிக்கிட்டே இருந்தா சோறு காஞ்சிரும். சாப்பிடுங்க."

தட்டை நடுவில் வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, வீட்டுக் குரலில், மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இது பிடிச்சிருக்கான்னு கேக்காத. தெரியல. பிடிச்சிருக்குன்னு சொன்னா பொய்யாயிரும். நாம ரெண்டு பேரும் போதுமான அளவு பொய் சொல்லியாச்சு. ஆனா நீ சிரிச்சத அங்க நின்னு பாத்தேன். அத நிறுத்தணும்னு எனக்குத் தோணல. அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும்."

குமுதா தலையசைத்தாள். கண் நிறைந்திருந்தது. அதுவரை பச்சை மீனையே தொடாதவள், நித்தியா கொண்டுவந்து வைத்ததில் ஒன்றைக் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நித்தியாவுக்கு ஆறு மணிக்குத்தான் வேலை முடியும். "நான் பாப்பாகூட வர்றேன்" என்று குமுதா சொல்லிவிட்டாள். இராமையாவை அனுப்ப ஜாபரிடம் குடை வாங்கிக்கொண்டு வேன்வரை நடந்தாள். கண்ணாடி வழியே நித்தியா பார்த்தாள். தூறலில் இரண்டு பேர், ஒரு குடை. அம்மா ஏதோ சொன்னாள். இராமையா மறுபடி கேட்டார். அம்மா திரும்பவும் அதையே சொல்வதுபோல உதடு அசைந்தது. பிறகு அவர் வேனில் ஏறினார். சாவியைப் போட வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ஆறரை மணிக்குத் தாயும் மகளும் மோட்டரில் கிளம்பினார்கள். வானம் வெளுத்து, மேற்கே ஆரஞ்சு நிறத்தில் கிழிந்திருந்தது. இருபக்கமும் செம்பனை மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. ஈரச் சாலையில் வானம் கிடந்தது. அதன்மேலேயே ஓட்டிக்கொண்டு போவதுபோல நித்தியா மெல்லப் போனாள். அம்மாவின் ஒரு கை அவள் இடுப்பைச் சுற்றியிருந்தது.

"ஏன் வேலைய விட்ட?" என்றாள் குமுதா, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. கண்டிப்பாகக் கேட்கவில்லை.

"வீட்டக் காலி பண்ணுன்னு தோட்டத்து ஆளுங்களுக்குப் போற கடுதாசி எல்லாம் நாந்தாம்மா டைப் பண்ணணும். மொத மொத யார் யாரோ. ஒரு நாளு தாயம்மா சின்னம்மா பேரு வந்துச்சு. நாம தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்ப பக்கத்து வீடு. நான் டைப் பண்ணி முடிச்சேன். கவர்ல போட்டு ஒட்டினேன். அப்புறம் எந்திரிச்சு வந்துட்டேன்."

குமுதா மகளின் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு லோரி அவர்களைக் கடந்து தண்ணீரை வாரி இறைத்துப் போனது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எல்லார்கிட்டயும் அவ்வளவு பெருமையா சொல்லிக்கிட்டு இருந்த. எப்படிச் சொல்றது?"

"போன தீபாவளிக்கு உன் தம்பி என்ன பண்ணான்னு பாத்தல்ல? நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

நித்தியாவுக்கு நினைவிருந்தது. உறவினர் ஒருவர் விளையாட்டாக, "குமுதாவுக்கு இன்னும் வயசிருக்கு லா" என்றார். அகிலன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அதன்பிறகு இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. அப்பாவின் கைக்கடிகாரத்தை இன்றும் அவன்தான் கட்டிக்கொண்டிருக்கிறான்.

"இனிமே வீட்டுலயே இந்த உடுப்புல கெளம்பு" என்றாள் குமுதா. "தாமான்ல கேட்டா நான் சொல்லிக்கிறேன். எம் மக ஜப்பான் சாப்பாடு செய்யறான்னு."

நித்தியா சிரித்தாள். கண்ணில் நீர் கட்டியதால் வேகத்தை இன்னும் குறைத்தாள்.

"ம்மா. வேன்கிட்ட அவருகிட்ட என்ன சொன்ன?"

"நாளைக்கு வீட்டுக்கு வரச் சொன்னேன். எப்பவும்போல முச்சந்தியில நிறுத்த வேணாம், நேரா நம்ம வாசல்லயே வேன நிறுத்துங்கன்னு சொன்னேன். நாலு பேரு பாக்கட்டும்னு சொன்னேன்."

நித்தியா சட்டென்று பிரேக்கைப் பிடித்தாள். மோட்டர் சாலையோரம் ஒதுங்கி நின்றது. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நாளைக்கா? நாளைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. தம்பி வர்ற நாளு!"

"தெரியும்" என்றாள் குமுதா. "அதுக்குத்தான் நாளைக்குன்னு சொன்னேன்."